உப்புப் போடாத கடல் மீன்

எண்பதுகளில் ஒரு காப்பிப் பழம் பறிக்கும் காலம். நாள் முழுக்க எஸ்டேட் சரிவில் நின்றுவிட்டு மலைமேல் மஞ்சக்குட்டை ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தேன். என் மகளைப் பெண் கேட்டுத் தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா வந்து காத்திருந்தார். ஐஸ் பெட்டியில் வெள்ளித் தகடாய் மின்னும் பெரிய மீன் கொண்டுவந்திருந்தார்.

“தூண்டில்ல மாட்டுனா ஆள் உசரத்துக்குத் துள்ளும், மதினி. முள்ளுதான் கூட,” என்றார்.

அவ்வளவு தூரத்தில் மகளைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கால் கடுக்க நின்று குழம்பு வைத்தேன். கடல் மீன் என்றால் எங்களுக்குக் கருவாடுதான் தெரியும். அதற்கு உப்புப் போட மாட்டோம். இதற்கும் போடவில்லை.

முதல் வாய் வைத்ததும் அவர் எழுந்தார். பேச்சு இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

“கடல் மீனாச்சேன்னு உப்புப் போடலீங்க. நொம்ப அசதிங்க,” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து உப்பை எடுத்துவந்து குழம்பில் கலக்கினார். பிறகு என் கையைப் பிடித்து, “உக்காருங்க மதினி. வந்ததுலருந்து நின்னுட்டே இருக்கீய,” என்றார். முள் எடுத்த துண்டு ஒன்றை என் தட்டில் வைத்தார்.

என் வீட்டில் என்னை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் மகளாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று அவர் வீட்டுக்கே கொடுத்தேன்.