ஒரு புகார்கூட வராத சர்வர்கள்

வீட்டில் சர்வர் வைத்துக் கொடுக்கும் தொழிலில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் நேரம் குறைவு, அந்த வீட்டு மனிதர்களோடு மல்லுக்கட்டும் நேரம்தான் அதிகம். "சர்வர்னா சாம்பார் ஊத்துவாரே" என்ற ஜோக்கை ஒரு வீடு விடாமல் கேட்டாகிவிட்டது, நீங்களாவது சொல்லாதீர்கள். நான் வைக்கிற சர்வர் என்பது பெரும்பாலும் ஒரு பழைய கம்ப்யூட்டர். ஒரு மூலையில் இரவு பகலாக ஓடும். குடும்பத்துப் போட்டோ, வீடியோ, கடைக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். துபாயில் இருக்கும் பிள்ளையும் அங்கிருந்தே திறந்து பார்க்கலாம். நம் வீட்டுப் போட்டோவை முகம் தெரியாத கம்பெனியின் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் ஏன் வைக்க வேண்டும் என்பது என் கேள்வி.

எம்.சி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் தாம்பரத்தைச் சுற்றி இந்த வேலையைச் செய்கிறேன். கூட வருபவன் வகுப்புத் தோழன் ரஃபீக். சுவரில் துளை போடுவதும் ஏணி ஏறுவதும் அவன், மற்றதெல்லாம் நான். அப்பா ஒரே ஒரு நிபந்தனையில்தான் சம்மதித்தார். "எங்கேருந்தாவது ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் அன்னிக்கே நிறுத்திடணும். நாவலூர் கம்பெனி இன்டர்வியூவுக்கு ஒழுங்கா உக்காந்து படிக்கணும்." எந்த டாக்டருக்காவது, எந்த பஸ் கண்டக்டருக்காவது இப்படி ஒரு நிபந்தனை உண்டா? கேட்டேன். "அவங்கள்லாம் என் பொண்ணு இல்லை" என்றார். இப்படிப்பட்ட அப்பாக்களை வீட்டில் வைத்துக்கொண்டு தொழில் நடத்தும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டில் ஒன்று

சேலையூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர். நான் பேசப் பேச அவர் ரஃபீக்கையே பார்த்துத் தலையாட்டினார். கடைசியில், "நீங்க சொல்லுங்க தம்பி, இது சரியா வருமா?" என்று அவனிடமே கேட்டார். "அவங்கதான் சார் இன்ஜினியர். நான் டிரில்லிங் மெஷின்" என்றான் அவன். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டிருக்கிறோம், இரண்டிலும் ஒரே விஷயம்தான் இருக்கும், ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் போன் வந்தது. பெட்டி ஓயாமல் பீப் பீப் என்று கத்துகிறதாம். போய்த் திறந்தால் ஒரு டிஸ்க்கைக் காணோம். மச்சினர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கழற்றிக் கொடுத்திருக்கிறார். ஏன் சார் இப்படி என்றேன். அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "ரெண்டுலயும் ஒண்ணேதான் இருக்குன்னு நீதானேம்மா சொன்னே?"

லேஸ் வைத்த உறை

பல்லாவரத்தில் ரஃபீக்கின் மாமி வீடு. மகன்கள் இருவரும் துபாயில். மகளின் கல்யாணப் போட்டோக்களை அவர்கள் பார்ப்பதற்காக ஒரு சர்வர். சாப்பாட்டு நேரம் தாண்டினால் தினமும் அது தானாக அணைந்துவிடுகிறது என்று செய்தி வந்தது. புகார் என்று யாரும் சொல்வதற்குள் பஸ் ஏறிவிட்டோம்.

சர்வரைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ரோஜா நிற சாட்டின் உறைக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. டி.வி.க்கு உறை, மிக்ஸிக்கு உறை, போனுக்கு உறை போட்ட வீட்டில் அது மட்டும் வெறுமனே நின்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? தொட்டுப் பார்த்தேன், இட்லிப் பானை மாதிரி கொதித்தது. காற்றுப் போகாவிட்டால் சூடேறி நின்றுவிடும் மாமி என்று பணிவாகத்தான் சொன்னேன். மாமி உறையின் விளிம்பைத் தூக்கிக் காட்டினார். "காத்துப் போகணும்னுதானே கண்ணு, சுத்தி லேஸ் வெச்சுத் தைச்சிருக்கேன்?"

ஜாயின்ட்

திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தனசேகர் அண்ணனுக்குக் கீழே பட்டறை, மாடியில் வீடு. டிராயிங் எல்லாம் மாடியில் இருக்கும் சர்வரில். கீழே ஒன்றுமே திறக்க மாட்டேன் என்கிறது என்றார். "இன்னாமா, பொட்டி பட்டப்பகல்ல தூங்கினு கீது?"

பெட்டி விழித்துக்கொண்டுதான் இருந்தது. மாடியிலிருந்து இறங்கும் நெட்வொர்க் ஒயரை வெல்டிங் மெஷின் நகர்த்தும்போது யாரோ அறுத்திருக்கிறார்கள். அண்ணன் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார். எட்டும் தனித்தனியாகப் போக வேண்டும் அண்ணா, ஒன்றோடொன்று ஒட்டவே கூடாது என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்தக் கைய வெச்சு மோட்டார் லைனுக்கே ஜாயின்ட் போட்டுகினு கீறேன், அதுல கரண்ட்டே போவுது. உன் படம் போவாதா?"

மின்வெட்டு

மின்வெட்டு நேரத்தில் சர்வர் சாகாமல் இருக்கத்தான் யூ.பி.எஸ். என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்துவிட்டு வந்தேன், குரோம்பேட்டையில் ஒரு டீச்சர் வீட்டில். ஒரு மணி நேரம் தாங்க வேண்டியது பத்து நிமிஷத்தில் உயிரை விட்டது. அதிலிருந்து ஒரு ஒயர் சமர்த்தாக டி.வி.க்குப் போயிருந்தது. நாற்பது பிள்ளைகளை அடக்கி ஆள்கிற டீச்சரிடம் என் வாதம் எடுபடவில்லை. "ஃபைல் நாளைக்கும் இருக்கும். இன்னிக்கு எபிசோட் நாளைக்கு வருமா?"

செயலாளர்

இத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள், நானும் பதிலுக்கு வாதாடினேன், ஆனால் புகார் என்று ஒருவரும் அப்பாவிடம் போகவில்லை. அந்தத் தெம்பில்தான் எங்கள் காலனிச் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தேன். கொலுப் போட்டோ, தண்ணீர் லாரி வரும் நேரம், கூட்ட அறிவிப்பு. சங்க அறையில் ஒரு சர்வர். யூ.பி.எஸ். வாங்கச் சங்கம் சம்மதிக்கவில்லை. அதனால் கரண்ட் போய் வந்தால் தானாகவே எழுந்துகொள்ளும்படி வைத்தேன். எங்கள் வீட்டில் நெட் கிடையாது, அது அப்பாவின் இன்னொரு நிபந்தனை. கல்லூரி லேபிலிருந்து மத்தியானம் தவறாமல் திறந்து பார்ப்பேன். ஒரு நாள்கூட அது திறக்காமல் இருந்ததில்லை.

சங்கத்தின் செயலாளர் என் அப்பாதான். மாதக் கூட்டத்தில் எதிர்வீட்டு மாமா எழுந்தார். "அமெரிக்காவுல இருக்கிற என் பையனுக்காகத்தான் நான் இதுக்குக் கை தூக்கினேன். ஆபீஸ்ல சாப்பாட்டு நேரத்துல பார்க்கிறான், வீட்டுக்கு வந்து பார்க்கிறான். இதுவரைக்கும் ஒரு தடவைகூட வெப்சைட் வரலையாம். இதை என் புகாரா எடுத்துக்கணும் சார்."

அப்பா அதைப் புகாராகவே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "பேசினது பேசினதுதான். ரஃபீக்குக்குச் சொல்லிடு" என்றார். எனக்குப் புரியவே இல்லை. மத்தியானம் நன்றாக இருப்பது அந்தப் பையனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்? அவன் சாப்பிடும் நேரம் நமக்கு ராத்திரி, அவன் வீடு திரும்பும் நேரம் நமக்கு இன்னும் விடிந்திருக்காது. ராத்திரியில் என்ன நடக்கிறது என்று சத்தமாகவே யோசித்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள். "ராத்திரி அந்த ரூமைப் பூட்டும்போது உங்கப்பா மெயினை அணைச்சுட்டுத்தானே வருவார். காலையில தண்ணி மோட்டார் போடறதுக்குத் திரும்பப் போடுவார்."

பாருங்கள். தினமும் அப்பா அணைத்திருக்கிறார், தினமும் அது காலையில் சத்தமில்லாமல் எழுந்து நின்றிருக்கிறது. எழுந்திருக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான். அணைத்தவரும் அப்பா, புகாரை வாங்கியவரும் அப்பா, தண்டனை கொடுப்பவரும் அப்பா, மூவரும் ஒரே பனியனில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். "பொதுக் கரண்ட்டை வீணாக்கக் கூடாதுன்னு அணைச்சேன், அது தப்பா?" என்றார். தப்பு என்றால் புகார் உங்கள் மேல், தப்பில்லை என்றால் புகாரே இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டபோது குரல் செயலாளருடையதாக மாறியிருந்தது. "விசாரிச்சதுல, அணைச்சவர் நல்லெண்ணத்துலதான் அணைச்சிருக்கார்னு தெரியுது. அதனால புகார் தள்ளுபடி."

இப்போது அந்த மெயின் சுவிட்சுக்கு மேலே 'அணைக்காதீர்கள், இப்படிக்கு செயலாளர்' என்று அப்பா தன் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறார், ரஃபீக்கும் நானும் அடுத்த சனிக்கிழமைக்கு ஏணி கேட்டுவைத்திருக்கிறோம், வைரஸுக்கும் மின்வெட்டுக்கும் ஆளாளுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்ட இந்தக் காலத்தில், கதவைப் பூட்டுமுன் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்று வளர்க்கப்பட்ட நல்லவர்களுக்கு மட்டும் மருந்தென்று இருப்பது அந்த ஒரு துண்டுக் காகிதம்தான்.