மூன்று இழுத்தேன், கயிறு தளர்ந்தது

சபையில் சாட்சி சொல்லும்படி பாஸ்டர் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்றைக்குத்தான் எழுந்து நிற்கிறேன். எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இனிப்பான சாட்சியை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

நான் நூம்பலில் இருக்கிறேன். படகுத்துறை, மர நடைபாலம் இவற்றைத் தாங்குகிற மரத்தூண்கள் தண்ணீருக்கடியில் உளுத்துப் போயிருக்கின்றனவா என்று இறங்கிப் பார்ப்பது என் பிழைப்பு. பார்ப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். நம் பக்கத்து ஏரித் தண்ணீரில் மூக்குக்கு முன்னால் கையை நீட்டினாலும் தெரியாது. சுத்தியலால் தட்டி, கம்பியால் குத்தி, கையால் தடவித்தான் சொல்ல வேண்டும். நல்ல மரத்தில் கம்பி இறங்காது.

என் மனைவி கிரேஸை ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நீங்கள்தான் அடக்கம் பண்ணினீர்கள். மூன்று வாரக் காய்ச்சல். ஆஸ்பத்திரியும் பார்த்தோம், உபவாசமும் இருந்தோம். சபையே முழங்காலில் நின்றது. அவள் போய்விட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் “தேவ சித்தம்” என்றார்கள். அன்றோடு ஜெபத்தை விட்டேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் ஜெனிக்கு நான் ஒருவன்தான் மிச்சம். அவளுக்காக மட்டும் வேலைக்குப் போனேன்.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஆவடிப் பக்கம் ஓர் ஏரி, பெயர் வேண்டாம். பழைய படகுத்துறை, பதினாறு தூண். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் சேகர், கிரேஸின் தம்பி. என் இடுப்பில் அந்தக் கயிறு. மூச்சுக்கு மேலிருந்து ஒரு காற்றுக் குழாய். உள்ளே போனால் பேச முடியாது, கயிறுதான் எங்கள் பாஷை. ஒரு இழுப்பு என்றால் சுகம். இரண்டு என்றால் கயிற்றைத் தளர்த்து. மூன்று என்றால் மேலே தூக்கு.

பதினோராவது தூணில் கம்பி முழுசாக உள்ளே போனது. உளுத்த மரம். சுற்றிப் போய் மறுபக்கத்தைத் தடவினேன். யாரோ விட்டுப்போன மீன்வலை அங்கே மொத்தமாகச் சுற்றிக் கிடந்தது. வலதுகை அதில் மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொண்டவன் கேட்க வேண்டியது இரண்டு இழுப்பு. இருபது வருஷ வேலைக்காரன், பயத்தில் மூன்று இழுத்தேன். சேகர் கயிற்றை வலித்தான். தூணைச் சுற்றியிருந்த கயிறு என்னை மரத்தோடு சேர்த்து இறுக்கியது. காற்றுக் குழாயும் நடுவில் நசுங்கியது. பாதி மூச்சுதான் வந்தது. புத்தி கெட்டு மறுபடியும் மூன்று இழுத்தேன். அவன் இன்னும் பலமாக வலித்தான்.

ஒரு வருஷம் கழித்து அங்கேதான் தேவனிடம் பேசினேன். மரியாதையாக ‘நீர்’ என்றுகூடச் சொல்லவில்லை. “அவளை எடுத்துக்கின. ஜெனிக்கு என்னையாவது வை. அவன தூக்கச் சொல்லு” என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

கயிறு தளர்ந்தது.

தூக்கச் சொன்னால் விட்டுவிட்டானே என்று நினைத்தேன். மேலே இருக்கிறவரும் கைவிட்டார், மச்சானும் கைவிட்டான். ஜெனியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அதற்குள் நெஞ்சு நிறையக் காற்று வந்துவிட்டது. உடம்பைத் திருப்ப இடம் கிடைத்தது. இடதுகையால் கத்தியை உருவி, வலையை அறுத்து, நானே மேலே வந்து சேர்ந்தேன்.

சேகர் கையை உதறிக்கொண்டு அழுதபடி நின்றான். “மாமா, கோச்சிக்காத. பலக கீய குளவிக்கூடு கீது, நான் பாக்கல. கைல கொட்டிச்சி, கயித்த உட்டுட்டேன்.”

“நீ உட்டதாலதான்டா உசுரோட கீறேன்” என்றேன்.

கயிறு என்னைத் தூணோடு இறுக்கினதைச் சொன்னேன். அவன் வீங்கிய கையைப் பார்த்தான். பிறகு, “அக்காவுக்கு ஒரு குளவி வரலியே மாமா” என்றான்.

என் கேள்வியும் அதுதான். எனக்கு ஒரு குளவியை அனுப்பத் தெரிந்தவருக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் போனதா? பாஸ்டரிடமும் இதைக் கேட்டுவிட்டேன்.

ஆனாலும் இப்போது தினமும் ஜெபிக்கிறேன். பாதி நாள் சண்டைதான். “இன்னாப்பா, சாமியப் போயி இப்டி திட்ற” என்கிறாள் ஜெனி. திட்டுகிறேன், விட்டுப் போகவில்லை. சேகரும் என்னோடு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறான்.

கேட்டது கிடைக்கும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நான் மூன்று கேட்டேன், அவர் இரண்டு கொடுத்தார். அதற்கு நன்றி சொல்லத்தான் நிற்கிறேன். உங்களில் யாராவது என்னைப் போல அவரிடம் பேச்சை நிறுத்தியிருந்தால், திட்டுவதற்காவது வாயைத் திறங்கள். கயிற்றின் அந்த நுனியில் ஆள் இருக்கிறார். கிரேஸ் விஷயத்தை மட்டும் நான் அவரை நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.