அது இன்னும் கை தூக்கவில்லை

மச்சானின் கேம் கன்ட்ரோலர் என் மடியில் இருக்கிறது. இன்று காலை ஆபரேஷனுக்கு உள்ளே போகும் முன், "பத்திரமா வச்சுக்க மாமா" என்று தந்துவிட்டுப் போனான். மச்சான் என் மனைவியின் தம்பி. பைக்கிலிருந்து விழுந்ததில் வலக்கை நரம்பு கெட்டுவிட்டது. விரல்கள் சொன்ன பேச்சைத் தாமதமாகத்தான் கேட்கும். ஆபரேஷன் செய்தால் சரியாகலாம், இருக்கிற அசைவும் போகலாம் என்றார் டாக்டர். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவன். மரக்காணம் உப்பளத்தில் வேலை. நாலு பேர் நடுவில் வாய் வராது. ஞாயிறு பூசை முடிந்து மச்சான் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. முன்பெல்லாம் படபடவென்று சுடும் விளையாட்டுகள் ஆடுவான். எனக்குக் கண் வலிக்கும். கை கெட்ட பிறகு ஆடியது வேறு. இரும்புச் சட்டை போட்ட ஒரு வீரன், கனமான வாள். ஒருமுறை ஓங்கினால் நிறுத்த முடியாது. தவறினால் எதிரே நிற்கும் பெரிய மிருகம் மிதித்துக் கொன்றுவிடும். அது கையைத் தூக்கும்வரை மச்சான் சும்மா சுற்றி வருவான். பொறுக்காமல் நான் கத்துவேன்:

"அடிடா டேய்!"

"அது இன்னும் கை தூக்கல மாமா. இதுக்கு வேகமான கை வேணாம், பாத்துக்கினே இருந்தா போதும்."

பிறகு அது தூக்கும். இவன் உருண்டு விலகி ஒரே ஒரு வெட்டு. மறுபடியும் சுற்றல். அந்த ஒரு வெட்டில் கிடைத்த நிம்மதி எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. "ரெண்டு பேருக்கும் பொம்மைச் சண்டையே சோறு" என்று என் மனைவி திட்டுவாள்.

போன கோடையில் ஒரு பகல், கடல் பக்கம் மேகம் கறுத்தது. விளைந்த உப்பு கரைந்துவிடுமே என்று உப்பு வாரும் பலகையை அழுத்தி வேகமாக இழுத்தேன். அப்படி இழுத்தால் பாத்தியின் அடிச்சேறு கிளம்பி உப்பில் கலந்துவிடும். மேகத்தைக் கண்டால் நாங்கள் எல்லோரும் செய்கிற தவறு. முதல் பாத்தி பாழ். சாப்பாடு கொண்டுவந்த மச்சான் வரப்பிலிருந்து கத்தினான்: "மாமா, அது இன்னும் கை தூக்கல!" சிரித்துவிட்டேன். கையின் அழுத்தம் தானாகக் குறைந்தது. மீதி மூன்று பாத்தி உப்பும் வெள்ளையாகவே கரையேறியது. கடைசிக் குவியலுக்குத் தார்ப்பாய் போடும்போதுதான் முதல் துளி விழுந்தது.

இப்போது மணி இரண்டாகிறது. ஆபரேஷன் அறையின் கதவு திறக்கவில்லை. "யாரையாவது கேளுங்களேன்" என்று மனைவி இரண்டு முறை சொல்லிவிட்டாள். நான் உட்கார்ந்திருப்பது அவனிடம் பார்த்த பொறுமையா, என் கூச்சமா, எனக்கே தெரியவில்லை. கன்ட்ரோலரில் ஒரு பொத்தான் மட்டும் அவன் விரல் பட்டுத் தேய்ந்திருக்கிறது. என் கட்டைவிரலை அதன்மேல் வைத்திருக்கிறேன். அழுத்தவில்லை.