சகாயத்துக்கு வந்த மேல் பா

நேற்று மத்தியானம் மருமகள் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வலது கையின் மூன்று விரல்கள் தானாக அசைய ஆரம்பித்துவிட்டன. "என்ன மாமா, கை நடுங்குதா? டாக்டர்ட்ட போவமா?" என்றாள். நடுக்கமெல்லாம் இல்லை. ட்ரம்பெட் வாசித்தவனுக்கு இந்த வியாதி உண்டு. அதன் மூன்று பொத்தான்களும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாங்கள் விட்டது இந்தத் தையல் மெஷின் எண்ணெயைத்தான். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை மேல் சென்ட் மணக்கும், எங்கள் மேல் இதுதான் அடிக்கும். பெண்கள் எங்களைத் தாண்டும்போது கொஞ்சம் விலகித்தான் போவார்கள்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. என் கூட்டாளி தேவசகாயத்துக்கும் அதே மில், அதே ஷிப்ட். ஒரே வயது. எட்டு மணி நேரம் மில் இரைச்சலில் காது அடைத்துப்போய் வெளியே வருவோம். வந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுப்போமா என்றால் இல்லை. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், அங்கே ஒரு பேண்டு செட்டில் சேர்ந்துகொண்டு இன்னும் கொஞ்சம் இரைச்சல் போடுவோம். அந்த செட்டில் ஒரு வழக்கம் இருந்தது. எத்தனை வருஷம் வாசித்தவன் என்பதெல்லாம் கணக்கில்லை. மேல் ஸ்தாயியில் யார் அதிகம் ஏறுகிறானோ அவன்தான் முன்வரிசையில் முதல் ஆள். தோளில் ஜரிகை வைத்த சிவப்புக் கோட்டு அவனுக்கு. மற்றவர்களுக்கு வெறும் சிவப்பு.

பொத்தான் மூன்றுதான், மிச்சமெல்லாம் உதடும் மூச்சும். மேல் சா வரைக்கும் எல்லாரும் எப்படியாவது போய்விடுவோம். அதற்கு மேலே இருக்கிற பஞ்சமத்துக்கு, நாங்கள் மேல் பா என்று சொல்வதற்கு, யாராலும் ஏற முடியவில்லை. எனக்கு அது வாய்த்தது ஒரு கொப்புளத்தால். மேலுதட்டில் வந்த கொப்புளம் பட்டால் வலிக்கும் என்பதால், ட்ரம்பெட்டின் ஊதுவாயை உதட்டில் பட்டும் படாமலும் வைத்து இரண்டு வாரம் மெதுவாக ஊதினேன். கொப்புளம் ஆறிய நாளில், எட்டாமலே இருந்த ஒரு சுரம் தானாக வந்து நின்றது. அப்போதுதான் புரிந்தது. அழுத்தவே கூடாது. உதட்டின் இரண்டு ஓரங்களையும் இறுக்கி நடுவை விட்டுவிட வேண்டும். வயிற்றிலிருந்து மூச்சைச் சன்னமாக, வேகமாக அனுப்ப வேண்டும். ஊதின நேரத்துக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும். ஒரு சுரம் ஏற ஒரு மாதம் ஆனாலும் பொறுக்க வேண்டும். அப்படி நாலு மாதத்தில் மேல் பாவைப் பிடித்தேன். ஜரிகைக் கோட்டு என் தோளுக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நான் நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சகாயத்துக்கு அப்பா இல்லை. தங்கை எஸ்தரைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவன்தான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு சாயங்காலம், வன்னியம்பட்டிப் பக்கம் நாங்கள் வாசித்துப் பழகும் கண்மாய்க்கரையில் உட்கார்ந்து கேட்டான்.

"ஏலே, எஸ்தர் சர்ச் படி இறங்கும்போது மேல் பா நான் பிடிக்கணும்லே. நீ எப்படிலே அம்புட்டு மேல ஏறுத?"

"இதுல என்னலே வித்தை இருக்கு? உதட்டுல வச்சு நல்லா அழுத்து. அழுத்த அழுத்த ஏறும்," என்றேன்.

கோட்டு போய்விடுமே என்ற பயம். இன்றைக்கு வேறு காரணம் சொல்லி மழுப்ப என்னிடம் எதுவும் இல்லை.

அவன் அழுத்தினான். மேலுதட்டில் வட்டமாகத் தடம் விழுந்து, பிறகு கன்றி, பிறகு ரத்தம் கட்டியது. மூன்று வாரத்தில் மேல் பா வந்தேவிட்டது. வலியைத் தாங்கிக்கொண்டால் அப்படியும் கொஞ்ச நாள் வரும் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கட்டிப்பிடித்து, புரோட்டா கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். சால்னா காரம் உதட்டில் பட்டு அவனால் ஒரு வாய்க்கு மேல் தின்ன முடியவில்லை. அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கல்யாணத்தன்று ஜரிகைக் கோட்டை நானே கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டேன். செட்டில் எல்லாரும் எனக்குப் பெரிய மனசு என்றார்கள். எஸ்தர் மாப்பிள்ளையோடு சர்ச் வாசலுக்கு வந்தாள், அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். சகாயம் ட்ரம்பெட்டைத் தூக்கினான். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி அழுத்தினான். மோவாயில் ரத்தம் வழிந்தது. என் பக்கம் திரும்பி, "நீ ஊதுலே, அவ இறங்குதா," என்றான். ஊதினேன். என் ஆயுளில் அவ்வளவு சுத்தமான மேல் பா நான் ஊதியதில்லை.

உதட்டின் உள்சதை கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். ஒரு வருஷம் கழித்து ட்ரம்பெட்டை எடுத்துப் பார்த்தான், கீழ் சா கூட நிற்கவில்லை. செட்டை விட்டுப் போக மனமில்லாமல் பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். தொண்ணூறுகளின் பாதிவரை எனக்குப் பின்னால் நடந்தபடி அதை அடித்தான். செட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் என்னைக் காட்டிச் சொல்வான். "தெரிஞ்சத ஒளிக்காம சொல்லிக்குடுத்தவன் இவன் ஒருத்தந்தான். என் உதட்டுக்குத்தான் குடுப்பின இல்ல." அப்போதெல்லாம் ட்ரம்பெட்டைத் துடைப்பதில் நான் மும்முரமாகிவிடுவேன்.

அந்த பேண்டு செட் இப்போது இல்லை. மில்லை மூடிவிட்டார்கள். என் முன்பற்கள் இரண்டும் போய், என் மேல் பாவும் போயிற்று. இதற்கெல்லாம் நான் அழுததில்லை. போன வருஷம் சகாயம் போய்விட்டான். அடக்கத்துக்கு முன்னால் வேண்டியவர்கள் எழுந்து நாலு வார்த்தை பேசினார்கள். எஸ்தர் என்னிடம் வந்தாள், தலை முழுக்க நரைத்திருந்தது. "அண்ணே, நீங்க பேசணும். சாவுற வரைக்கும் அண்ணன் உங்களத்தான் சொல்லிட்டே இருந்துச்சு," என்றாள்.

நாற்பது வருஷமாக மறைத்து வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். என்னை அடிக்கவோ மன்னிக்கவோ பாத்தியப்பட்ட ஒரே ஆள் பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்தான். சகாயம் மேல் பா வாசித்திருக்கிறான், நான் என் காதால் கேட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எஸ்தர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.