மாடி போர்ஷனும் என் எச்.டி.ஆர். வானமும்

ஊரப்பாக்கத்தில் எங்கள் மாடி போர்ஷன் மூன்று மாதமாகக் காலி. சும்மா ஒரு போட்டோ எடுத்து நெட்டில் போட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கலந்து, எச்.டி.ஆர். ஆக்கிப் போட்டேன்.

அதைப் பார்த்துவிட்டு, தாம்பரத்தில் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய் இன்று மனைவியோடு வந்தார். வீடு பிடித்துவிட்டது. அந்த அம்மா மட்டும் போட்டோவின் பிரிண்ட்டை நீட்டினார்.

"சார், மழை பேஞ்சா இங்க தண்ணி எவ்ளோ நிக்கும்?"

"நிக்கவே நிக்காதும்மா."

"வானம் இப்படிக் கறுத்துக் கெடக்குதே! புயலப்போ எடுத்ததா?"

"மே மாசம்மா. வெயில் கொளுத்துச்சு."

பாய் சிரித்தார். "தண்ணி நிக்கிற ஏரியாவுல எல்லாரும் இப்படித்தான் சார் சொல்றாங்க."

எச்.டி.ஆர். செய்தால் வெயில் நேரத்து மேகம்கூடக் கறுத்துத் திரண்டு தெரியும் என்று விளக்கினேன். விளக்க விளக்கச் சந்தேகம்தான் கூடியது.

"மழைக்காலம் முடியட்டும் சார், வந்து பாக்குறோம்."

கிளம்பிவிட்டார்கள்.

"உங்க வானத்துக்கு நீங்களே வாடகை குடுங்க" என்று என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

அந்தப் படத்துக்குக் கீழே "என்ன மேகம் சார்!" என்று எழுதித் தள்ளிய நண்பர்களே, உங்களில் யாருக்காவது வீடு வேண்டுமா? தண்ணீர் நிற்காது. சத்தியமாக.