அருளப்பன் எழுதாமல் விட்ட கட்டம்

ரயில்வே சிக்னல் வரைபட அறையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் நான். எண் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. நம் ஓய்வூதியர் சங்க மடலுக்கான இந்த அஞ்சலியையும் அப்படியே தொடங்குகிறேன்.

1. அருளப்பன் இறந்த செய்தியும் அடக்கத்தன்று கேட்ட பேச்சும்.
2. அவர் யாரையும் நம்பாதவர் என்பது.
3. புது சிக்னல் சோதனையில் நேர்ந்த பிழை யாருடையது என்பது.
4. அவர் எனக்குக் கொடுத்த வரைபட நகல்.

மூன்றாவதை எழுத எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று இந்த நிமிடம்வரை தெரியவில்லை. எண் போட்டுவிட்டால் பிறகு விட முடியாது என்பதால் போட்டுவிட்டேன்.

செய்தி காலையில் தொலைபேசியில் வந்தது. "அங்கிள், அப்பா போய்ட்டாரு" என்றான் அவர் மகன் செபாஸ்டின். மாலையில் மயிலாப்பூரில் மாதா கோயில் பூசையும் அடக்கமும். மேற்கு மாம்பலத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். குழியில் மண் போட்டுவிட்டு வெளியே நின்றபோது, அவரோடு கூடவே வேலை பார்த்த முனுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சர்வீஸ்லயே ஒரே ஒரு தபா தான் நம்மாளு கோட்டை வுட்டான். அந்த வயரு. மத்தபடி தங்கம்." பக்கத்தில் நின்ற செபாஸ்டின் தலை குனிந்துகொண்டான். நானும் குனிந்துகொண்டேன். வீடு வந்து சேரும்வரை நிமிரவில்லை என்றே நினைக்கிறேன்.

சிக்னல் மெக்கானிக்காக அவர் எப்படி வேலை செய்தார் என்பது உங்களுக்குத் தெரியும். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் சைக்கிளிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுவார். முனுசாமி கிண்டல் செய்வார்: "கேட்டு தொறந்துகீதே நைனா, இன்னா பாக்கற? ஏரோப்ளேனா வரப்போவுது?"

"தொறந்தவனும் மனுசன்தானே" என்பார் அருளப்பன்.

என் வரைபடத்தில் மூன்று பேர் கையெழுத்து இருந்தாலும் அவருக்குப் போதாது. "பேப்பர் மேல ரயில் ஓடாது சார்" என்பார். அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்று: "செவப்பு காட்னா பயமில்ல. பச்சை காட்டும்போதுதான் பயப்படணும்." பதிவேட்டில் ஒரு கட்டத்தைக்கூட அவர் காலியாக விட்டதில்லை. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் குறுக்கே கோடு இழுத்துவிடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "காலியா வுட்டா எவனாவது எதையாவது எழுதிடுவான் சார்" என்றார்.

இனி மூன்றாவது.

அந்த ஸ்டேஷன் எது என்பது உங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். பழைய நெம்புகோல்களை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் சிக்னல் விழும்படி புது ஏற்பாடு செய்தோம். வரைபடம் என்னுடையது. ரிலே அறையில் வயரிங் அருளப்பனுடையது. திறப்புக்கு இரண்டு நாள் முன்பு சோதனை. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் விளக்குகிறேன். இரண்டு தண்டவாளங்களையும் ஒரு கம்பியால் இணைத்தால், அங்கே வண்டி நிற்பதாக ரிலே என்ற மின்சுவிட்ச் எடுத்துக்கொள்ளும். அந்தப் பாதைக்கான சிக்னல் உடனே சிவப்பாக வேண்டும். அருளப்பன் பாதையில் நடந்து ஒவ்வொரு பகுதியிலும் கம்பியை வைப்பார். நான் உள்ளே விளக்குப் பலகையைப் பார்த்து போனில் நிறம் சொல்வேன்.

ஐந்தாவது பகுதியில் அவர் கேட்டார்: "இப்ப இன்னா கலர்ல கீது சார்?"

"பச்சை."

"கம்பி போட்டுகீறேன் சார். நல்லா பாருங்க."

"பச்சையாத்தான் இருக்கு அருளப்பன்."

கொஞ்ச நேரத்தில் வெயிலில் நடந்து வந்து, என் எதிரே நின்றார். "அங்க ஒரு வண்டி நின்னுக்கினு கீது சார். உங்க சிக்னல் இன்னொரு வண்டிய உள்ள கூப்புடுது."

இருவரும் அவர் கையிலிருந்த வரைபட நகலை விரித்துப் பார்த்தோம். வயரிங் அந்த நகலில் இருந்தபடியே இருந்தது. முந்தைய ஸ்டேஷனுக்குப் போட்ட வரைபடத்தைப் பார்த்து இதை வரைந்திருந்தேன். அங்கே நான்கு பகுதி, இங்கே ஐந்து. ஐந்தாவதற்கான இணைப்புக் குறியை நான் போடவே இல்லை. எனக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது.

பதிவேட்டை எடுத்து, நேரம், பகுதி எண், சோதனை நிறுத்தம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார். "இது உங்களுது சார். நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுதினேன்: 'வயரிங்கில் குறை.'

மறுநாள் அலுவலகத்தில் என் பொறுப்பிலிருந்த அசல் தாளில் விடுபட்ட குறியை இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையால் சேர்த்தேன். திறப்பு தள்ளிப்போனது. விசாரணையில் பதிவேட்டைக் காட்டி அருளப்பனைக் கேட்டார்கள். அவர் அந்த இரண்டு வார்த்தைகளையும் வெகுநேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. "சரி பண்ணிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்த நகலில் அந்தக் குறி இல்லை. அதை எடுத்து நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் கீழே போயிற்று. முனுசாமி, அந்த வயர் உங்கள் நண்பருடையதல்ல. குறை என் வரைபடத்தில் இருந்தது.

நான் ஓய்வுபெற்ற நாளில் எல்லோரும் சேர்ந்து சுவர்க்கடிகாரம் கொடுத்தீர்கள். அருளப்பன் தனியாக ஒரு பழுப்பு உறை கொடுத்தார். உள்ளே அந்த நகல். "உங்க பொருள் சார், என்னாண்ட எதுக்கு" என்றார். மிரட்டுகிறாரோ என்று அன்றைக்குப் பயந்தேன். எரித்துவிடவும் நினைத்தேன். அதற்கும் தைரியம் இல்லாததால் அது பீரோவில் தப்பியது.

நேற்று அந்த உறையோடு செபாஸ்டின் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேசையில் நகலை விரித்து, குறி இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டி, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. "அப்பா எதையும் காலியா வுடமாட்டாரே அங்கிள். அத்த மட்டும் எதுக்கு வுட்டாரு?" என்று கேட்டான். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் பதில் தெரிந்தது. நகலை அவனிடமே விட்டுவந்துவிட்டேன். என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது அவன் கேட்ட கேள்வியும், பேனாவை மூடிய அவர் கையும்தான்.

மேலே இரண்டாவதாக, அவர் யாரையும் நம்பாதவர் என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. 'காரணம்' என்ற அந்தக் கட்டத்தில் அவர் கோடு இழுக்கவில்லை.