பாம்பு ராணியின் முந்தானை

எங்கள் அம்மா ஒரு கோடைக்காலம் முழுவதும் பாம்பு ராணியாக இருந்தாள். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அம்மாவைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். கரப்பான்பூச்சிக்கே நாற்காலி மேல் ஏறுகிறவள்.

எழுபதுகளின் தொடக்கம். மாண்ட்ரியலுக்கு மேற்கே பியர்பொன்ட்ஸில் குடியிருந்தோம். எஞ்சினியரான அப்பா காலை ரயிலில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அம்மா தனியாக உட்கார்ந்து மத்தியானம் பிரெஞ்சு நாடகம் பார்ப்பாள், பார்த்து அழுவாள். ஒரு வார்த்தை புரியாமலே இப்படி அழுகிறாளே என்று நானும் அப்பாவும் கேலி செய்வோம். ரொட்டி வாங்கக்கூட கடைக்காரரிடம் பிரெஞ்சில் பேச நான்தான் கூடப் போகவேண்டும். ஒன்பது வயதில் எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

அந்த ஜூலையில் கடைகளின் கார் நிறுத்துமிடத்தில் பொருட்காட்சி வந்து இறங்கியது. சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனபோது ராட்டினத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடாரத்தின் முன்னால் இரண்டாள் உயரத்துக்குக் கையால் வரைந்த பேனர்கள். இரண்டு தலைக் கன்றுக்குட்டி, வாள் விழுங்குகிறவன், கடைசியில் இந்தியாவின் பாம்பு ராணி. ஓரத்துச் சிவப்பு வட்டத்துக்குள் ‘உயிருடன்!’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. அம்மா அதன் முன்னால் நின்றவள் நகரவில்லை.

“என்ன கட்டு இது? கொசுவத்தைக் காணோம், முந்தானை வலது தோள்ல தொங்குது! குளிச்சிட்டு துண்டைச் சுத்தினவ மாதிரி நிக்கிறா. இதைப் பார்த்துட்டு நாளைக்கு நம்மளைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?”

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே,” என்றார் அப்பா. அம்மா அதற்குள் ஏணியின் கீழே போய் நின்றுவிட்டாள்.

ஏணியின் மேல் ஓவியர், மழையில் உரிந்த பெயிண்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அம்மா ஆங்கிலத்தில் பட்டியலிட்ட தப்புகளை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். சேலை கட்டிய பெண்ணை இதுவரை நேரில் பார்த்ததில்லை, கொஞ்ச நேரம் நின்றால் பார்த்துத் திருத்திவிடுகிறேன் என்றார். அப்பா பால் வாங்கவேண்டும் என்று நழுவினார். அம்மா சோடாப் பெட்டி மேல் ஏறி நின்றாள். பாம்புக்காக அவள் கழுத்தில் ஒரு ரப்பர் குழாயைச் சுற்றினார்கள். ஆடக்கூடாது என்று ஓவியர் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவள் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் என் வயதுச் சிறுமிகள் மூன்று பேர் சைக்கிளில் வந்தார்கள். பின்தெருக்காரிகள். தங்கள் விளையாட்டில் என்னைச் சேர்த்துக்கொள்ளமாட்டார்களா என்று அந்தக் கோடை முழுவதும் நான் ஏங்கியது அவர்களுக்காகத்தான். கூடார வாசலில் இருந்த டிக்கெட் பெட்டியின் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்து, குழாயைக் கழுத்தில் போட்டிருப்பது உன் அம்மாவா என்று கேட்டார்கள். என் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

“இல்லை. அவள் இந்தக் கூடாரத்துக்காரி,” என்றேன். பிரெஞ்சில்தான் சொன்னேன். அம்மாவுக்குப் புரியாது என்ற தைரியம். அம்மா திரும்பவில்லை, ஆடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

மறுநாள் மாலை அப்பா, அம்மா, நான் மூவரும் போய்ப் பார்த்தோம். முந்தானை இடது தோளுக்கு வந்திருந்தது. அம்மா கொசுவத்தை எண்ணி, சரியாக இருக்கிறது என்றாள். உரிந்திருந்த முகத்தையும் ஓவியர் புதிதாக எழுதியிருந்தார். அது அம்மாவின் முகமேதான்.

“கண்ணைத்தான் கெடுத்துட்டான். பாம்பு தோள்ல இருக்கு, இவ எங்கேயோ கீழே பாக்குறா,” என்றார் அப்பா.

“நான் பார்த்த இடத்தைத்தான் வரைஞ்சிருக்கார். அவர் மேல தப்பில்ல.”

ராணியின் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். டிக்கெட் பெட்டியின் ஓரம், வெறும் தார்த்தரை. முந்தின நாள் நான் நின்ற இடம் அதுவென்று அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.

“அங்க ஒண்ணுமே இல்லையேம்மா,” என்றேன், வாய் நிறையப் பஞ்சுமிட்டாயோடு.

“ஆமா, ஒண்ணும் இல்ல,” என்று முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ரொட்டி வாங்க அம்மா என்னைக் கூப்பிடவில்லை. தனியாகவே போய், கடைக்காரரிடம் பிரெஞ்சில் கேட்டு வாங்கி வந்தாள். அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்கு, இனிமேல் வெயிலில் கடைக்கு நடக்கவேண்டாம் என்று ஒரே சந்தோஷம்.